சோலார் வீட்டில் பேட்டரி சேர்ப்பது எப்படி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கூரையில் பேனல் இருக்கிறது, நடுப்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் தெருவில் கரண்ட் போன அதே நொடியில் வீட்டுக்குள்ளும் எல்லாம் நின்றுவிடுகிறது. சோலார் உள்ள வீடாகப் பார்த்துக் குடிவரும் நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பேனல் கெட்டுப்போச்சா அண்ணே?" என்பதுதான்.

கெடவில்லை. அந்த இன்வெர்ட்டர் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், தெரு லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸைப் பார்த்து, அதோடு சேர்ந்துதான் ஓடும். லைன் செத்துவிட்டால் அதுவும் உடனே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் கைக்கு நம் வீட்டுக் கரண்ட் போய்ச் சேரும். ஆகவே கரண்ட் போன நேரத்தில் வீடு ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் வேண்டும், தெரு லைனிலிருந்து வீட்டைத் தானே பிரித்துக்கொண்டு ஓடத் தெரிந்த இன்வெர்ட்டரும் வேண்டும்.

ஏழு வருஷமாக டர்பனில் சோலார் பொருத்தும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம்தான் பெரும்பாலும் வேலை. 2023-இல் லோட் ஷெடிங் (நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது நாளுக்குப் பத்து அழைப்பு வரும். எல்லாரும் கேட்டது "எந்த பேட்டரி வாங்கலாம்?" என்றுதான். "என் வீட்டில் எது நிற்கக் கூடாது?" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பேட்டரியின் அளவு, இன்வெர்ட்டரின் அளவு, டிபி போர்டில் (வீட்டு மெயினும் பிரேக்கர்களும் இருக்கும் பெட்டி) எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பது வரை எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

முதல் வேலை: நோட்டோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

மாலை ஏழு மணிக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். எது ஓடுகிறது, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை வாட், இரவில் எத்தனை மணி நேரம் தேவை என்று எழுதுங்கள். வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். ஆண்கள் எழுதும் பட்டியலில் டிவி முதலில் இருக்கும், காலையில் மாவு அரைக்க வேண்டிய கிரைண்டர் இருக்காது.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். மகன் டிவி, கேம் மெஷின், கேட் மோட்டார் என்று சொல்லிக்கொண்டே போனார். உள்ளறையில் அவருடைய ஆயா, அதாவது பாட்டி, படுத்திருந்தார், பக்கத்தில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன்: 350 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓடினாலே 2.8 யூனிட். கரண்ட் போகும்போதெல்லாம் மருமகள் எழுந்து ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார், லோட் ஷெடிங் கடுமையாக இருந்த ஸ்டேஜ் 6 நாட்களில் ஓர் இரவிலேயே இரண்டு முறை. இதை அவர் யாரிடமும் ஒரு பிரச்சினையாகச் சொன்னதே இல்லை. அந்த மெஷினுக்குத் தனி சர்க்யூட், தனி பிளக், மேலே சிவப்பு ஸ்டிக்கர் என்று முடிவானது.

"ஆயா, இந்தப் பிளக்கை யாரும் கழற்றக் கூடாது."

"நான் இருக்கேன்ல தம்பி, எவன் கழற்றுவான் பார்க்கிறேன்."

அந்த வீட்டில் டிவி பட்டியலிலிருந்தே போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உயிர் காக்கும் கருவி இருக்கும் வீட்டில் பேட்டரி வந்த பிறகும் சிலிண்டர் கையருகில் இருக்கட்டும்.

இரண்டாவது: கூட்டிப் பாருங்கள்

1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ப்ரீபெய்டு மீட்டரில் நாம் வாங்குகிற அதே யூனிட்தான். ஒரு சாதாரண குடும்பத்தின் மாலை ஆறு முதல் காலை ஆறு வரையான கணக்கு இப்படி வரும். ஃபிரிஜ் சுமார் 0.6 யூனிட். ஐந்து எல்இடி பல்பு ஐந்து மணி நேரம், 0.25-க்குள். வைஃபை ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இரவு முழுக்க 0.25. டிவி மூன்று மணி நேரம் 0.3. இரண்டு ஃபேன் எட்டு மணி நேரம் ஏறக்குறைய 1. லேப்டாப், போன் சார்ஜ் 0.2. கிரைண்டர் முக்கால் மணி நேரம் 0.1. மொத்தம் 2.7.

இதோடு எல்லாரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் தானும் கரண்ட் குடிக்கும். சும்மா நிற்கும்போதே 50 வாட் என்று வைத்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் 0.6 யூனிட் போய்விடும். பேட்டரியின் டிசி கரண்ட் வீட்டுக்கான ஏசி கரண்டாக மாறும்போது கொஞ்சம் இழப்பு. ஆக 3.5 முதல் 3.6 யூனிட் என்று வையுங்கள். கடையில் அதிகம் கிடைக்கும் 5.12 யூனிட் லித்தியம் பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தினால் 4.1 யூனிட். இந்தக் குடும்பத்துக்கு ஒரு பேட்டரி போதும். ஆயாவின் மெஷின் சேர்ந்தால் இரண்டு வேண்டும்.

"லோட் ஷெடிங் இரண்டு, இரண்டரை மணி நேரம்தானே, எதற்கு இரவு முழுக்கக் கணக்கு?" என்று கேட்பீர்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பல மாதம் லோட் ஷெடிங்கே இல்லாமல் இருந்தது உண்மைதான். ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் அட்டவணை பார்த்து வருவதில்லை. இப்போது எங்களுக்கு வரும் அழைப்புகள் பாதிக்கு மேல் அந்த மாதிரி நீண்ட வெட்டுகளால்தான்.

பேட்டரியைப் பகலில் நிரப்ப பேனல் போதுமா என்பதையும் பாருங்கள். இங்கே 1 கிலோவாட் பேனல் நல்ல நாளில் நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் தரும். 550 வாட் பேனல் ஆறு இருந்தால் 3.3 கிலோவாட், ஏறக்குறைய 13 யூனிட். வீட்டின் பகல் செலவு போக ஒரு பேட்டரியைத் தாராளமாக நிரப்பலாம். டர்பனில் மழையும் மேகமும் கோடையில்தான், கேப்டவுனில் குளிர்காலத்தில். அந்த மாதங்களைக் கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று: தமிழ்நாட்டில் பேனலைத் தெற்கு நோக்கி வைப்போம், இங்கே சூரியன் வடக்குப் பக்கம் போகும், பேனல் வடக்கு நோக்கி இருக்க வேண்டும். பழைய வீட்டை வாங்கியிருந்தால் திசைகாட்டியை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது: எதை ஒதுக்குவது

கீசர், மின்னடுப்பு, ஓவன், இந்த மூன்றும் பேட்டரிப் பக்கம் வரவே கூடாது. ஒரு கீசர் 3 கிலோவாட் இழுக்கும், நிரம்பிய பேட்டரியை ஒன்றரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். அதற்கு டைமர் போட்டு, காலை பதினொன்று முதல் இரண்டு வரை பேனல் வெயிலில் இருக்கும்போது சூடாக்கிக்கொள்ளலாம். மாலைக் குளியலுக்கு அந்தத் தண்ணீர் போதும். சமையலுக்கு இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், குக்கர் விசிலுக்கு எஸ்காமை நம்ப வேண்டியதில்லை. கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒவ்வொன்றும் 2 கிலோவாட். அவை பொதுவான பிளக்கில் இருப்பதால் பேட்டரிப் பக்கம் வந்துதான் தீரும். ஒரே நேரத்தில் இரண்டையும் போடாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

நான்காவது: உங்களிடம் இருக்கும் இன்வெர்ட்டர் எது

சுவரில் தொங்கும் பெட்டியின் பெயரையும் மாடல் எண்ணையும் படம் பிடித்து, தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடி எடுங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

அது பேனல், பேட்டரி, தெரு லைன் மூன்றையும் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேட்டரி மட்டும் சேர்க்கவில்லை என்றால் அதிர்ஷ்டம். சன்சிங்க் (Sunsynk), டேய் (Deye) மாதிரி இங்கே நிறைய வீடுகளில் பார்க்கும் பெட்டிகளில் பேட்டரிக்கான முனையும், கரண்ட் போனாலும் ஓடும் தனி வெளியீடும் ஏற்கெனவே இருக்கும். ஒத்துப்போகும் பேட்டரியை வாங்கி, டிபி போர்டைப் பிரித்தால் வேலை முடிந்தது.

வெறும் கிரிட்-டை இன்வெர்ட்டர், அதாவது முதலில் சொன்ன, தெரு லைனோடு சேர்ந்து மட்டும் ஓடும் வகை என்றால் இரண்டு வழி. அதைக் கழற்றிவிட்டு ஹைப்ரிட் போடலாம். அல்லது அதை அப்படியே வைத்துக்கொண்டு, பேட்டரிக்கென்று இன்னொரு இன்வெர்ட்டரைச் சேர்த்து, பழையதை அதன் வெளியீட்டுப் பக்கம் இணைக்கலாம். இதை ஏசி கப்ளிங் என்பார்கள். கரண்ட் போனதும் பேட்டரி இன்வெர்ட்டர் தெரு லைன் மாதிரியே ஒரு சிறு கிரிட்டை வீட்டுக்குள் உருவாக்கும், பழையது அதைப் பார்த்து மறுபடி ஓடத் தொடங்கும். பேட்டரி நிரம்பினால் புதியது ஹெர்ட்ஸைக் கொஞ்சம் ஏற்றிப் பழையதைக் குறைக்கச் சொல்லும். இதற்குப் பழைய இன்வெர்ட்டர் அந்தச் சைகைக்குக் கட்டுப்படுவதாக இருக்க வேண்டும். அதன் திறன் பேட்டரி இன்வெர்ட்டரின் திறனைத் தாண்டவும் கூடாது. பழைய இன்வெர்ட்டருக்கு வாரண்டி நிறைய மிச்சம் இருந்தால் ஒழிய, நான் மாற்றிவிடுவதையே சொல்வேன். இரண்டு பெட்டி, இரண்டு ஆப், கோளாறு வந்தால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கைகாட்டுவது, இதெல்லாம் இல்லாமல் போகும்.

மூன்றாவது வகை, பழைய லெட் ஆசிட் பேட்டரியோடு இருக்கும் அமைப்பு. பேட்டரி செத்திருக்கும், இன்வெர்ட்டர் நன்றாகவே இருக்கும். லித்தியத்துக்கான அமைப்பு அதில் உண்டா என்று கையேட்டில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஐந்தாவது: பேட்டரி

ஊரில் வராந்தா மூலையில் டியூபுலர் பேட்டரி நிற்கும், மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம். அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். இங்கே லோட் ஷெடிங் நாட்களில் ஒரே நாளில் மூன்று முறை இறங்கி ஏறியதில் பல வீடுகளில் அவை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. இப்போது வாங்குவதென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். 80, 90 சதவீதம் வரை இறக்கலாம், ஆயிரக்கணக்கான சுழற்சி தாங்கும், மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பிடிக்காது.

வாங்கும்போது யூனிட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு தர முடியும் என்பதைப் பாருங்கள். எங்கள் வீட்டிலேயே பட்டது இது. முதலில் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் பேட்டரியும் வாங்கினோம், எண் பொருந்துகிறதே என்று கடைக்காரரும் தலையாட்டினார். ஒரு மாலை கரண்ட் போயிருந்த நேரம், என் மனைவி கெட்டிலைப் போட்டாள், பையன் மைக்ரோவேவில் சாதத்தைச் சூடாக்கினான். டக்கென்று முழு வீடும் இருட்டு. பேட்டரியில் 90 சதவீதம் இருந்தது. லேபிளைப் படித்தபோதுதான் தெரிந்தது, தொடர்ந்து 50 ஆம்பியர்தான் தர முடியும் என்று. 51 வோல்ட்டுக்கு 50 ஆம்பியர் என்றால் இரண்டரை கிலோவாட். கெட்டில் 2, மைக்ரோவேவ் 1.2, ஃபிரிஜ் வேறு. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் பேட்டரியைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிட்டது.

இதைத்தான் அரை சி, ஒரு சி என்று சொல்கிறார்கள். 100 ஆம்பியர்-மணி பேட்டரி (எங்கள் 5 யூனிட் பேட்டரி அதுதான்) அரை சி என்றால் 50 ஆம்பியர், ஒரு சி என்றால் 100. 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு ஒரு சி பேட்டரி ஒன்று, அல்லது அரை சி பேட்டரி இரண்டு. நாங்கள் இரண்டாவதைச் சேர்த்துக்கொண்டோம்.

அப்புறம் வோல்டேஜ். வீட்டு அமைப்புகளில் பெரும்பாலும் 48 வோல்ட் வகை. அதிலும் உள்ளே 15 செல் உள்ளவை உண்டு, 16 செல் உள்ளவை உண்டு. ஒரு செல் 3.2 வோல்ட், ஆக ஒன்று 48, மற்றது 51.2. இரண்டையும் ஒன்றாக இணைக்கக் கூடாது, சார்ஜ் வோல்டேஜும் வேறு வேறு. 200, 300 வோல்ட்டுக்கு மேலே போகும் ஹை வோல்டேஜ் பேட்டரிகளும் வருகின்றன, அதற்கென்றே செய்த இன்வெர்ட்டரில்தான் அவை ஓடும்.

கடைசியாக, பேட்டரியும் இன்வெர்ட்டரும் பேசிக்கொள்ளும் கேபிள். பார்க்க இன்டர்நெட் கேபிள் மாதிரியே இருக்கும், உள்ளே ஊசிகளின் வரிசை தயாரிப்பைப் பொறுத்து மாறும். இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் பேட்டரியின் மாடல் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். இந்தக் கேபிள் வழியாகத்தான் பேட்டரி, "இப்போது இவ்வளவு ஆம்பியருக்கு மேல் வேண்டாம்" என்று சொல்கிறது.

ஆறாவது: எங்கே வைப்பது

படுக்கையறையிலும் கூரைக்கு அடியிலுள்ள பரணிலும் வேண்டாம். வெளியே ஓடும் வழியை மறிக்கும் இடத்திலும் வேண்டாம். கராஜ் சுவர் நல்ல இடம், கார் முட்டாத பக்கமாக. தரையில் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்த அந்த வாரத்துக்குப் பிறகு, நாங்கள் எந்த வீட்டிலும் பேட்டரியை இடுப்பு உயரத்துக்குக் கீழே பொருத்துவதில்லை. ஒன்று 45, 50 கிலோ இருக்கும், செங்கல் சுவரில் நல்ல போல்ட்டோடு நிற்க வேண்டும்.

தகரக் கூரை போட்ட கராஜ் ஜனவரியில் அடுப்பு மாதிரி கொதிக்கும். சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்னும், காற்றோட்டம் கொடுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான கவலை. குளிர்கால விடியலில் உறைபனி விழும் இடம் அது. இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, அதனால் வெளிச் சுவரில் மாட்டாதீர்கள்.

ஏழாவது: ஆளும் காகிதமும்

பேனலிலிருந்து வரும் டிசி பல நூறு வோல்ட், பேட்டரி கேபிளில் நூறு ஆம்பியர். ஊரில் நீங்கள் எவ்வளவு கைவேலை தெரிந்தவராக இருந்தாலும் இதில் கை வைக்க வேண்டாம். தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, வேலை விதிப்படி நடந்தது என்பதற்கு, சிஓசி என்று எல்லாரும் சொல்கிற சான்றிதழைத் தர வேண்டும். வேலை முடிந்து "அப்புறம் அனுப்புகிறேன்" என்பவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். தீ விபத்துக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போதும், வீட்டை விற்கும்போதும் அந்தக் காகிதம்தான் பேசும்.

தெரு லைனோடு இணைந்த எந்த அமைப்பையும் முனிசிபாலிட்டியிலோ, நேரடியாக எஸ்காமின் வாடிக்கையாளராக இருந்தால் எஸ்காமிலோ பதிவு செய்ய வேண்டும். முன்பு வெறும் பேனலுக்குப் பதிவு செய்திருந்தாலும் இன்வெர்ட்டரை மாற்றினால், பேட்டரி சேர்த்தால் தெரிவியுங்கள். வாங்குகிற இன்வெர்ட்டர், தெரு லைனோடு இணைவதற்கான என்ஆர்எஸ் 097 தரச் சான்று பெற்றதா என்று முன்பே கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம், ஃபிளாட் என்றால் பாடி கார்ப்பரேட்டிடம் (ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கம்) எழுத்தில் அனுமதி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில்.

எட்டாவது: பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

டிபி போர்டு இரண்டாகப் பிரியும், பேட்டரியில் ஓடுவது ஒரு பக்கம், ஓடாதது மறுபக்கம். லைவ் ஒயரை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை, நியூட்ரல் ஒயர்கள் சேரும் பழைய பாரிலேயே விட்டுவிடும் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி விட்டால் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் விழும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும். நியூட்ரலும் பிரிந்திருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஃபியூஸோடு கூடிய சுவிட்ச் கட்டாயம். இரண்டு பேட்டரி என்றால் இரண்டுக்கும் ஒரே நீளக் கேபிள். இணைப்பதற்கு முன் இரண்டின் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்தது குறைந்ததுக்குள் வெள்ளமாகப் பாயும். போல்ட்டுகளை, சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும், கேபிள் நுனியில் தளர்ந்த ஒரு லக் போதும் உருகிப்போக. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இடி மின்னல் எப்படி என்று வந்த முதல் கோடையிலேயே பார்த்திருப்பீர்கள், பேனல் பக்கமும் ஏசி பக்கமும், திடீரெனப் பாயும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வேண்டும்.

ப்ரீபெய்டு மீட்டர் உள்ளவர்கள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். மிச்சமாகும் சோலார் வெளியே போனால், சில மீட்டர்கள் அதையும் நாம் பயன்படுத்தியதாக எண்ணிக் கழித்துவிடும், சில பூட்டிக்கொள்ளும். அதனால் மெயின் ஒயரைச் சுற்றி கரண்டை அளக்கும் ஒரு சிடி கிளாம்பை மாட்டி, வெளியே அனுப்பாதே என்று இன்வெர்ட்டரில் அமைப்பார்கள். அந்தக் கிளாம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால் எல்லாக் கணக்கும் தலைகீழ்.

ஒன்பதாவது: அமைப்பும் சோதனையும்

பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று இன்வெர்ட்டரில் ஓர் எண் கொடுக்க வேண்டும். லோட் ஷெடிங் இல்லாத நாட்களில் 30 வைத்தால், மாலையில் பேட்டரியே வீட்டை ஓட்டி யூனிட்டை மிச்சப்படுத்தும், திடீர் வெட்டுக்கும் கொஞ்சம் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தாலோ, போனில் எஸ்காம்சேபுஷ் ஆப் ஸ்டேஜ் காட்டினாலோ 60, 70-க்கு ஏற்றுங்கள். ஆயா வீட்டில் நிரந்தரமாக 80.

எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து எரிய வேண்டும், ரவுட்டர் அணையக் கூடாது. அப்படி பேட்டரியில் ஓடும்போது, பேட்டரிப் பக்கத்து எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். அது விழ வேண்டும். பிறகு எலக்ட்ரீஷியனைத் தன் மீட்டரை வைத்து, நியூட்ரலும் எர்த்தும் இந்த நேரத்தில் இணைந்திருக்கின்றனவா என்று காட்டச் சொல்லுங்கள். தெரு லைனிலிருந்து பிரிந்ததும் இன்வெர்ட்டர்தான் அந்த இணைப்பைத் தர வேண்டும். அது இல்லையென்றால், ஷாக் அடிக்கும் நேரத்தில் எர்த் லீக்கேஜ் வேலை செய்யாது. டெஸ்ட் பட்டன் விழுவது மட்டும் இதற்குச் சாட்சி ஆகாது.

அன்றைக்கே பேட்டரியை 100 வரை ஏற்றுங்கள், செல்கள் சமப்பட அது உதவும். சீரியல் எண்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் அணைக்கும் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்: முதலில் வீட்டு லோடு, அடுத்து மெயின், அப்புறம் பேனல் சுவிட்ச், கடைசியில் பேட்டரி. வீட்டில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் தமிழிலும், வேலைக்கு வரும் அக்கா ஸூலு பேசுபவர் என்றால் அவரைக் கேட்டு ஸூலுவிலும் எழுதுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் புகை நாற்றம் வந்தால் அந்தத் தாளுக்கு முன் நிற்கப்போவது அவர்கள்தான்.